கப்பலுக்குப் பின் இருபத்து நான்கு ஆண்டுகள்

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்மொழிக் கழகம் நடத்திய மொழி வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பெரிய விரிவுரை மண்டபத்தில் 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்தைத் திரையிட்டார்கள். பி. ஆர். பந்துலு இயக்கி 1961இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவும், எஸ். வி. சுப்பையா பாரதியாராகவும், டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும் நடித்தது. எனக்கு அது புதிய படமன்று. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த காலத்திலிருந்தே பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டி செக்கிழுக்கும் காட்சி வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நான் மட்டும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

சிறிய பெட்டிக்குள் பார்த்த படத்தைச் சுவர் அளவுக்கு விரித்துப் பார்க்கும்போதுதான் அதில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. வீட்டில் பார்த்தபோது நான் சிவாஜியை மட்டுமே பார்த்தேன். மண்டபத்தில் பார்த்தபோது அவருக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தையும் பார்த்தேன். கப்பல் வரும்போது கைதட்டுகிறவர்கள், ஆலைத் தொழிலாளிகள், சிறைக்குள் அவரோடு இருக்கும் கைதிகள் ஆகிய எல்லாருக்கும் முகம் வந்துவிட்டது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் வரும் காதல் காட்சிகளில் முதலாம் ஆண்டு மாணவர்கள் விசிலடித்தார்கள். அந்தப் பகுதி கொஞ்சம் நீளம்தான் என்பது என் கருத்து. ஆனால் பாரதியாரின் பாட்டுக்கு ஜி. இராமநாதன் இசை போட்டிருக்கும்போது யார் குறை சொல்ல முடியும்?

படம் முடிந்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. கப்பல் ஓடியது எத்தனை காலம்? அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது எத்தனை காலம்? படத்தில் கப்பலும் சிறையும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. விடுதலைக்குப் பிந்திய வாழ்க்கை வேகமாக ஓடி முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கைப் பார்க்கவே அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். கொஞ்ச காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு, பின்னர் அவரும் சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். முதல் மனைவி வள்ளியம்மாள் இளம் வயதிலேயே இறந்துவிட, மீனாட்சி அம்மாளை மணந்தார். தொழில் நன்றாக நடந்தது. எதிர்க்கட்சிக்காரருக்கும் சேர்த்துச் சமாதானம் பேசி வழக்கை முடித்து வைப்பவர் என்று பெயர் பெற்றிருந்தார். அப்படியே இருந்திருந்தால் தூத்துக்குடியில் ஒரு பணக்கார வக்கீலாக வாழ்ந்து முடித்திருப்பார்.

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சரக்கு ஏற்றும் வணிகர்களும் சரி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களும் சரி, அந்தக் கம்பெனி கேட்ட கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் எழுந்த சுதேசி இயக்கம் தெற்கே வந்தபோது, மற்றவர்கள் சுதேசித் துணி, சுதேசித் தீப்பெட்டி என்று பேசினார்கள். வ.உ.சி. கப்பலைப் பற்றிப் பேசினார். வெள்ளைக்காரர் கடல் வழியே வந்தவர், வாணிகத்தால் வேரூன்றியவர், ஆகவே கடல் வாணிகத்தில் கை வைத்தால்தான் அவருக்கு வலிக்கும் என்பது அவர் கணக்கு.

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16இல் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பவர் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்தார். வ.உ.சி. வகித்த பதவி உதவிச் செயலாளர்! ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றவரும் அவர்தான், அலைந்தவரும் அவர்தான்.

முதலில் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடமிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்த வாடகை ஒப்பந்தம் முறிந்தது. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஒருவாறு சமாளித்துவிட்டு, சொந்தக் கப்பல் வாங்குவதென்று வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது அவருடைய மகன் உலகநாதன் நோயில் கிடந்தான், மனைவி கருவுற்றிருந்தார். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாள்வேன் என்று சூளுரைத்துவிட்டுப் போனாராம். சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இப்போது கேட்கும்போது வீட்டில் இருந்த மீனாட்சி அம்மாளின் நிலைதான் முதலில் மனத்துக்கு வருகிறது. திலகரின் ஆதரவோடு எஸ்.எஸ். காலியா வாங்கப்பட்டது. எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டாவது கப்பலும் வந்தது. 1907இல் இரண்டும் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றன.

பிறகு நடந்த கட்டணப் போட்டியைத் தமிழ்ப்பள்ளியில் கதையாகக் கேட்டிருப்போம். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறக்கியது. உடனே அவர்கள் பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றார்கள். அப்படியிருந்தும் மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள்.

அந்தப் பிரிட்டிஷ் கம்பெனியின் பெயரை நான் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறேன். 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பல் அதே கம்பெனிக்குச் சொந்தமானது. நம்மில் பாதிப் பேருடைய குடும்பக் கதை ரஜூலாவில்தான் தொடங்குகிறது. என் தாத்தாவின் அப்பாவும் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தவர்தான். தோட்டத் தொழிலுக்கு உதவி பெற்று ஆள் வருவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்தவர் அவர். மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, பினாங்குக்கு எதிரே உள்ள ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமில் சில நாள் இருந்து, பிறகு பால்மரத் தோட்டத்து லயத்துக்கு வந்தார் என்று பாட்டி சொல்வார். அவர் போன்றவர்களுக்குத் தேர்ந்தெடுக்க இன்னொரு கப்பல் இருக்கவில்லை. வ.உ.சி.யின் முயற்சி தூத்துக்குடி கொழும்பு வழியோடு நின்றுபோனது. அது நின்றுபோகாமல் வங்கக் கடலைத் தாண்டி வளர்ந்திருந்தால் எங்கள் குடும்பம் எந்தக் கொடியின் கீழ் பயணம் செய்திருக்கும்? விரிவுரை மண்டபத்தில் அந்தக் கப்பல் திரையை நிரப்பிக்கொண்டு வந்தபோது என் மனத்தில் ஓடியது இதுதான். பின்னாளில், 1970களில், இந்திய அரசுக் கப்பல் கழகத்தின் எம்.வி. சிதம்பரம் நம் நாட்டுக்கும் சென்னைக்கும் இடையே ஓடியது. 1985இல் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு அந்தப் பயணம் முடிந்தது. அந்தக் கப்பலின் பெயரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வ.உ.சி.யின் நினைவு வரும்.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலை ஆங்கிலேயருடையது. விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை வேலை. வார விடுமுறை கிடையாது. சிறுவர்களும் வேலை செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வேலை இழந்தவர்களுக்குச் சோறு போட ஊராரிடம் பணம் திரட்டினார்கள். பணக்காரர் வீட்டு வக்கீல் ஒருவர் ஆலைத் தொழிலாளிக்காகத் தெருவில் இறங்கியது அக்காலத்துக்குப் புதிது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. கப்பலைவிட இதுவே பெரிய வெற்றி என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால் ஒரு நாள் விடுமுறையின் விலை என்ன என்று சொல்வார்கள்.

அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது போலும். ஒரே மாதத்தில் அவரைப் பிடித்துவிட்டார்கள். விபின் சந்திர பால் விடுதலையானதைக் கொண்டாடக் கூடாது என்ற தடையை மீறியதையொட்டி 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டு, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது ஆண்டு! இலண்டனில் இருந்த இந்திய அமைச்சர் மார்லியே இந்தத் தண்டனையை ஏற்கவில்லை. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் புத்தி பேதலித்துப் போனார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. தம்பியின் அறிவு திரும்பவில்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுத்த காட்சியில் சிவாஜியின் நடிப்பைப் பற்றி நான் புதிதாக எழுத என்ன இருக்கிறது? மண்டபத்தில் விசிலடித்த அதே மாணவர்கள் மூச்சுக்கூட விடவில்லை. படம் சொல்லும் அளவுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அந்தச் சிறைவாசக் காலத்தில்தான் அவர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். பகலில் செக்கு, கல் உடைத்தல், சணல் கிழித்தல், அதற்கிடையே எழுத்து. கை எப்படித்தான் பேனா பிடித்ததோ!

அவர் உள்ளே இருக்கும்போதே வெளியே எல்லாம் சரிந்தது. 1911இல் நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 17இல் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். சுதேசி இயக்கத்தவர் என்றாலே போலீசு துரத்தியது. பாரதியார் 1908இலேயே புதுச்சேரிக்குப் போய்விட்டிருந்தார்.

1912 டிசம்பரில் வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். கைதானபோது ஊரே எரிந்தது. விடுதலையானபோது வாசலில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிவா. சிறை அவருக்குத் தொழுநோயைத் தந்திருந்தது. நண்பர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் அந்தக் காட்சியைப் படத்திலும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் பார்த்தபோது, அத்தோடு கதை முடிந்தது என்ற எண்ணத்தில் நான் எழுந்துவிடுவேன். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் வாழ வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளை எப்படி வாழ்ந்தார்? தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் உரிமம் போய்விட்டது. சொத்து வழக்கிலும் கப்பலிலும் கரைந்திருந்தது. மனைவி, பிள்ளைகளோடு சென்னைக்குப் போய், சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்தார். அரிசி விற்றார், நெய் விற்றார். கொடுத்தே பழகிய கை வியாபாரத்துக்கு ஒத்து வரவில்லை. ஒரு காலத்தில் பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்துக்குப் பங்கு விற்றவர் மாதச் செலவுக்கு நண்பர்களை எதிர்பார்த்தார்.

இந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்று என்னை மிகவும் பாதித்தது. அவர் படும் துன்பத்தைக் கேள்விப்பட்டு, தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் முன்னோரைப் போல் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். காந்தி 1915இல் இந்தியா திரும்பிய பிறகு, அந்தப் பணம் பற்றி இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. யார் கொடுத்தது, எவ்வளவு என்பதெல்லாம் தெளிவாவதற்கு மாதக்கணக்கில் ஆனது. தமக்குப் பணம் தேவைதான் என்பதை வ.உ.சி. மறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. கடைசியில் 1916இல் பணம் வந்து சேர்ந்தது. மொத்தம் 347 ரூபாய் 12 அணா. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைக் கொண்டு ஒரு நூலே எழுதியிருக்கிறார். படத்தில் இதற்கு இடமில்லை. இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு அணாவைச் சிவாஜி எண்ணிப் பார்க்கும் காட்சிக்கும் மண்டபம் மூச்சடக்கி இருந்திருக்கும்.

அரசியலிலும் அவர் முன்போல் முன்வரிசையில் இல்லை. தொழிற்சங்க வேலையில் திரு.வி.க.வோடு ஈடுபட்டார். 1920இல் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை; காங்கிரசிலிருந்து விலகினார். கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகத் தெரியாதவர். பின்பு 1927இல் சேலம் மாநாட்டுக்குத் தலைமை தாங்கத் திரும்பி வந்தார். நீதிபதி வாலஸ் என்ற ஆங்கிலேயர் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தபோது, நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்துக் கப்பல் விட்டவர் வெள்ளையர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தாரே என்று என் தோழி ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்சியை வெறுக்கவும் அதே இனத்து நல்ல மனிதரை மதிக்கவும் தெரிந்த மனத்தைத்தான் அதில் பார்த்தேன்.

இத்தனை வறுமைக்கு நடுவே அவர் செய்த தமிழ்ப்பணி, தமிழ் படிக்கும் மாணவர்களாகிய நாம் மறக்கக் கூடாத ஒன்று. 'மெய்யறம்', 'மெய்யறிவு', 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' எல்லாம் சிறைக்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை. திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையில் அறத்துப்பாலை 1917இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். அதில் பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை துணை நின்றார். பிற்காலத்தில் அறத்துப்பாலுக்குத் தாமே உரை எழுதினார். தம் வாழ்க்கையைச் செய்யுளில் எழுதிவைத்தார். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்து, தேசிய இடைநிலைப்பள்ளியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு வாரம் இரண்டு முறை மட்டுமே தமிழ் படித்தவள் நான். எஸ்.பி.எம். தேர்வுக்கு மேல் தமிழ் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் இளம்பூரணம் பதிப்பின் முன்பக்கத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை என்ற பெயரைப் பார்த்தபோது, இவர் வேறு யாரோ ஒரு புலவர் என்றுதான் என் அருகில் இருந்தவர் சொன்னார். கப்பல் அவரை அந்த அளவுக்கு மறைத்துவிட்டது!

'கப்பலோட்டிய தமிழன்' என்ற பெயரே ம.பொ.சி. எழுதிய நூலின் வழியாகவும் அதைத் தழுவிய இப்படத்தின் வழியாகவும்தான் எல்லார் வாயிலும் நிலைத்தது. அந்தப் படமும் முதலில் வெளிவந்தபோது வசூலில் தோற்றது என்பது இன்னொரு வேடிக்கை. பந்துலுவின் 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் ஓடியபோது தமிழகமே திரண்டது. வ.உ.சி.யின் வாழ்க்கைக்கு அந்த யோகம் அன்றும் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதுகூட 2011இல்தான்.

1936இல் உடல்நிலை மிகவும் சீர்கெட்டது. தூத்துக்குடியில் இருந்த காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தம்மைக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு காலத்தில் தாமே விலகிய காங்கிரசின் அலுவலகம் அது. நவம்பர் 18ஆம் நாள் அங்கேயே உயிர் பிரிந்தது. வயது அறுபத்து நான்கு. அதற்குச் சில நாள் முன்பு அவர் ஓர் உயில் எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லச் சொத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டு வாடகை பாக்கி, கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி என்று, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருந்தார்.